உடற்பயிற்சி இயந்திரத்துக்கு முன் ஒரு வீதி விளக்கு

கேள்வி: வன்னியில் ஒரு பிரதேச சபைக்கு 2025 தேர்தலில் முதன்முறையாகத் தெரிவானவள் நான். என் கணவருக்கும் மாமியாருக்கும் சலரோகம். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது சீனிக்கோ பிறெசருக்கோ குளிசை போடுகிறார்கள். வரும் ஆண்டுப் பாதீட்டில் என் வட்டாரத்துக்குக் கிடைக்கும் பணத்தில் மைதானத்தில் திறந்தவெளி உடற்பயிற்சி இயந்திரங்கள் பூட்டலாம் என்று நினைக்கிறேன். மற்ற உறுப்பினர்களோ, "வீதி போடவே காசில்லை. சாப்பாடும் உடற்பயிற்சியும் ஆஸ்பத்திரி பார்க்கிற வேலை" என்கிறார்கள். வயல் வேலை செய்கிற சனத்துக்கு உடற்பயிற்சி எதற்கு என்றும் கேட்கிறார்கள். உண்மையில் சபையால் இதில் ஏதும் செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். இன்னும் சொல்லப்போனால், இந்த விஷயத்தில் ஆஸ்பத்திரியால் செய்ய முடியாத பலதைச் சபைதான் செய்ய வேண்டியிருக்கிறது. "எங்கள் வேலையில்லை" என்று மறுபடியும் யாராவது சொன்னால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் மூன்றையும் அந்தச் சட்டம் சபையின் கையில்தான் கொடுத்திருக்கிறது.

நான் இதைச் சட்டத்தில் படித்து விளங்கிக்கொள்ளவில்லை. வன்னியில் வைத்தியராக வேலை பார்த்த காலத்தில் ஓர் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். கிளினிக்கில் அவருடைய சீனி அளவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. நானும் மாதாமாதம் அதே பிரசங்கத்தைச் செய்தேன்: ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், வாரத்தில் 5 நாள் வேகமாக நடவுங்கள் என்று. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடக் கணக்கு அது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நடக்கலாம் டொக்டர். எங்கை நடக்கிறது? விடியமுன்னம் போனால் நாய் கலைக்குது. விடிஞ்சாப் பிறகு பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேணும், பிறகு வெயில். பின்னேரம் ஆறரைக்கு ஒழுங்கையிலை கண் தெரியாது."

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு அந்த ஒழுங்கைக்குப் போனேன். சந்தியில் ஒரு மின்கம்பம், அதில் எரியாத மின்குமிழ். கொஞ்சத் தூரம் தள்ளி ஒரு மதகு. மூடிக்கல் உடைந்து கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஓட்டைக்குள் தடியை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். மதகுக்கு அப்பால் இறைச்சிக் கடைக்குப் பின்னால் கொட்டிய குப்பையில் ஆறேழு நாய்கள். கையில் பொல்லு இல்லாமல் நானே அந்த இடத்தைத் தாண்டவில்லை. மின்குமிழ், மூடிக்கல், குப்பை. இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட என்னிடம் மருந்துச்சீட்டு இருக்கவில்லை. மூன்றும் சபையின் பொறுப்பில் இருந்தவை. அந்த அம்மாவுக்கு மெற்ஃபோமின் குளிசையைக் கூட்டி எழுதினேன், என்னால் முடிந்தது அதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், சபை புதிதாக ஒரு சுகாதாரத் திட்டம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விளக்குப் போடுவது, மதகு திருத்துவது, குப்பை அள்ளுவது, சந்தையைக் குத்தகைக்குக் கொடுப்பது என்று ஏற்கனவே செய்கிற வேலைகளை எங்கே, யாருக்காக, எந்த நிபந்தனையோடு செய்கிறோம் என்று மாற்றி யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இயந்திரங்களைப் பற்றி: நான் அவற்றுக்கு எதிரியல்ல. ஆனால் முதல் ஆண்டில் வேண்டாம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்பு அது. பெயரிங் இறுகினால் யார் திருத்துவது, பொருள் எங்கே வாங்குவது என்பதை வாங்குமுன் எழுத்தில் வைத்திருக்காத இடங்களில் பிள்ளைகள் ஊஞ்சலாடும் சாமானாகத்தான் அது முடிகிறது. அதைவிட முக்கியமான விஷயம், அங்கே போய்ச் சேரும் வழி. இருட்டு ஒழுங்கையைத் தாண்டித்தான் மைதானத்துக்கு வரவேண்டும் என்றால் அந்த அம்மா அங்கும் வரமாட்டார்.

எனவே முதலில் நடைபாதை. புதிதாக ஒன்றைக் கட்டச் சொல்லவில்லை. உங்கள் வட்டாரத்தில் சனம் ஏற்கனவே நடக்கிற இடம் ஒன்று இருக்கும். வன்னியில் அது பெரும்பாலும் குளக்கட்டு. காற்று வரும், வாகனம் குறைவு, ஓரத்தில் மருதோ வேம்போ நிற்கும். அதில் 1 கிலோமீற்றர் தூரத்தைத் தெரிந்தெடுங்கள். போய்வர 2 கிலோமீற்றர், ஏறத்தாழ 25 நிமிட நடை. ஆனால் கட்டு சபைக்குச் சொந்தமில்லை என்பதை மறக்க வேண்டாம். பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் இருக்கின்றன. 80 ஹெக்ரேயருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். இரண்டில் எதுவானாலும் முதலில் கமக்காரர் அமைப்போடு இருந்து பேசுங்கள். அவர்கள் சம்மதித்தால் கடிதம் சுலபம். கட்டில் சீமெந்துக் கல் பதிக்கக் கேட்காதீர்கள், அது குளத்துக்கும் நல்லதல்ல, உங்கள் காசுக்கும் நல்லதல்ல. கிரவல் போட்டு அமத்தினால் போதும். விளக்குக்குச் சூரிய ஒளி விளக்குப் போடுவதானால் பற்றரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேள்விப் பத்திரத்திலேயே (ரெண்டர்) கேட்டுவிடுங்கள். யானை இறங்குகிற பக்கமாக இருந்தால் கட்டை விட்டுவிட்டு ஊருக்குள் இருக்கும் உள்வீதி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அதிகாலை நடை அங்கே உயிருக்கு ஆபத்து.

நாய்ப் பிரச்சினையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பெண்கள் காலையில் நடக்காததற்கு நான் அதிகம் கேட்ட காரணம் அதுதான். இறைச்சிக் கடைக் கழிவை மூடிய பரலில் போட வைத்து அன்றாடம் அள்ளினால் கூட்டம் தானாகக் கலையும். தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் கால்நடை வைத்தியரோடும் சுகாதார வைத்திய அதிகாரியோடும் சேர்ந்து ஒரு நாள் ஒழுங்கு பண்ணலாம். கட்டாக்காலி மாட்டுக்குச் சபை பிடிகூலி அறவிடுகிறதே, நாய்க்கும் அந்த அக்கறை வேண்டும்.

இன்னொன்று. இதை நான் ஒவ்வொரு சபையிடமும் சொல்லிவருகிறேன். எங்கள் மண்ணில் போரில் கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் பல ஊர்களில் இருக்கிறார்கள். உடலை அசைக்க வாய்ப்பில்லாமல் எடை கூடி, பிறகு சலரோகமும் வந்து சேர்வது அவர்களுக்குத்தான் சுலபம். மாடு உள்ளே வராமல் இருப்பதற்காக ஒரு மைதானத்தின் வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து, ஆள் மட்டும் நெளிந்து நுழையும்படி விட்டிருந்தார்கள். செயற்கைக் கால் போட்ட ஒருவர் அந்த இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் விடுவதா மற்றக் காலை முதலில் விடுவதா என்று இரண்டு தரம் முயன்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். உள்ளே அவருடைய மகன் கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்தான். சக்கர நாற்காலி போகும் அகலத்தில் திறந்து மூடக்கூடிய ஒரு படலை, படி இல்லாத சரிவு, நூறு மீற்றருக்கு ஒருக்கால் கைபிடியோடு ஒரு இருக்கை. இவற்றின் செலவை ஓர் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மைதானம் பற்றியும் ஒரு சொல். பின்னேரம் நாலரையிலிருந்து இருட்டும்வரை அது இளைஞர் கழகங்களின் கையில் இருக்கிறது. அவர்கள் விளையாடத்தான் வேண்டும். ஆனாலும் வாரத்தில் இரண்டு பின்னேரம் பெண்களுக்கு என்று சபையே எழுதிப் போடட்டும். மாதர் சங்கத்தோடு பேசி வலைப்பந்தோ எல்லேயோ தொடங்குங்கள். நேரம் ஒதுக்காமல் "யாரும் வரலாம்" என்று விட்டால் பெண்கள் வரமாட்டார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வயல் வேலை செய்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அது சரியான கேள்வி. இப்போது உழவு மெசினில், வெட்டு மெசினில், களைக்கு மருந்து. விதைப்புக்கும் வெட்டுக்கும் சில வாரங்கள் முறிந்து வேலை செய்துவிட்டு மற்ற மாதங்களில் மோட்டார் சைக்கிளில்தான் திரிகிறோம். கோப்பையில் விழும் சோறு மட்டும் அப்பு மண்வெட்டி பிடித்த காலத்து அளவிலேயே இருக்கிறது. அதுவும் தீட்டிய வெள்ளை அரிசி. நெல்லை மூட்டையாக வெளி மாவட்டத்துக்கு ஏற்றிவிட்டுத் தீட்டின அரிசியைப் பையில் வாங்குகிற வீடுகள் வன்னியில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சைக்கிளையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நோயாளி, கல்யாணப் பெண் எல்லாம் அதில்தான். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தபோது கோடிக்குள் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வெளியே வந்தன. வரிசை முடிந்ததும் திரும்பக் கோடிக்குள் போய்விட்டன. அந்தச் சில மாதங்களில் சபைகள் ஏதாவது செய்திருந்தால் கொஞ்சமாவது நிலைத்திருக்கும். இப்போதும் செய்யலாம். சந்தையில் வாகனத் தரிப்பிடத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, நிழலான பக்கம் சைக்கிளுக்கே என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் உள்வீதிகளைச் சபை முதலில் திருத்தட்டும். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 60 நிமிட ஓட்டமும் அசைவும் வேண்டும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வருவதே அதில் பாதியை முடித்துவிடும். ஏ9 வீதி உங்கள் கையில் இல்லை, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பள்ளிக்கூட வாசலில் கடவையும் வேகத்தடையும் வேண்டும் என்று ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஞாயிறும் விடுமுறை நாட்களும் காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரை முக்கிய வீதிகளை மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். 1974இல் தொடங்கியது, இப்போது ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளம். சனம் நடக்கிறது, ஓடுகிறது, சைக்கிள் விடுகிறது. அதற்குத் தார் ஊற்றவோ கல் பதிக்கவோ தேவைப்படவில்லை. தடுப்புப் பலகையும் நிற்க ஆளும்தான். உங்களுக்கு 120 கிலோமீற்றர் வேண்டாம். ஞாயிறு காலை 6 தொடக்கம் 8 வரை ஓர் உள்வீதி, பொலிசாரின் அனுமதியோடு. சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றால் சரி.

இனிச் சாப்பாடு. சபை யாருடைய அடுப்புக்குள்ளும் போக முடியாது, போகவும் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குப் போய்ச் சுத்தம் பார்க்கலாம், குறைபாடு இருந்தால் வழக்குப் போடலாம். ரோல்ஸை விட்டுவிட்டுப் பயறு அவி என்று அவரால் சொல்ல முடியாது. சபையால் சொல்ல முடியும், ஏனென்றால் சந்தைக் கட்டடமும் பேருந்து நிலையக் கடையும் சபையின் சொத்து. குத்தகைக்குக் கொடுக்கும்போது நிபந்தனை போடும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

பிரேசிலில் பெலோ ஒரிசோன்டே என்றொரு நகரம். 1993இல் அந்த நகரசபை, சாப்பாடு கிடைப்பது குடிமக்களின் உரிமை என்று அறிவித்து அதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று: சனம் கூடும் நல்ல இடங்களில் இருந்த நகரசபைக் காணிகளை மரக்கறி, பழ வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். நிபந்தனை, சுமார் 20 வகைப் பொருட்களைச் சபை சொல்லும் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். மற்றதை அவர்கள் விருப்பப்படி விற்கலாம். கிராமத்துக் கமக்காரர் நேரடியாக விற்க நகரத்தில் இடமும் கொடுத்தார்கள்.

இதில் எங்களுக்கு எடுக்க நிறைய உண்டு. வடக்கின் பல சந்தைகளில் கமக்காரர் 10 கிலோ கொண்டுவந்தால் 1 கிலோவைக் கழிவு என்று தள்ளிவிட்டு 9 கிலோவுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். இது பல காலச் சண்டை. சந்தையின் ஒரு மூலையில் நாலு தட்டுகளைக் கழிவில்லை, தரகில்லை, கமக்காரரே விற்கலாம் என்று ஒதுக்குங்கள். கூரை வேண்டும், ஏனென்றால் கீரை காலை பத்து மணி வெயிலில் வாடிவிடும், வாடின கீரையை யாரும் வாங்கமாட்டார்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, சாரணை, பயறு, கௌபி, குரக்கன், வீட்டு மெசினில் குத்தின தவிட்டரிசி, குளத்து மீன். பருவத்தில் பாலைப்பழம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் என்பது கணக்கு. அதற்கு அப்பிளும் புறொக்கோலியும் தேவையில்லை, இந்தத் தட்டுகளே போதும்.

பேருந்து நிலையக் கடைக்கு என் ஆலோசனை சற்றுக் கண்டிப்பானது. குடிநீர்க் குழாய் இல்லாத இடத்தில் தாகம் எடுத்தவர் சோடாதான் வாங்குவார். வவுனியா தொடக்கம் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் பயம், சிறுநீரக நோயைக் கண்ணால் கண்ட சனம். ஆகவே சுத்திகரித்த தண்ணீர்க் குழாய் ஒன்றைச் சபை போடட்டும். சோடாப் போத்தலில் 2016இலிருந்து நிற வட்டம் ஒன்று இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 இலிருந்து 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. சனம் செம்மஞ்சளைப் பார்த்துப் பரவாயில்லை என்று நினைக்கிறது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் என்றால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம், அதாவது 8 தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறார்கள். எங்கள் தேத்தண்ணியும் அதற்குக் குறைந்ததல்ல. ஒரு கோப்பைக்கு 3 கரண்டி போட்டு நாளைக்கு 5 கோப்பை குடிப்பவரின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்தக் கடையின் குத்தகை உடன்படிக்கையில் இப்படி எழுதலாம்: "தேநீருக்கான சீனி தனியாக வழங்கப்பட வேண்டும். குளிரூட்டியின் கண் மட்டத் தட்டில் குடிநீரும் மோரும் மட்டுமே வைக்கப்பட வேண்டும். காலையிலும் மாலையிலும் அவித்த தானிய உணவு ஒன்றாவது விற்பனைக்கு இருக்க வேண்டும்." சோடாவையோ ரோல்ஸையோ தடை செய்யாதீர்கள். தடை போட்டால் கடைக்காரர் கேள்வியே போடமாட்டார், சபைக்கு வருமானமும் போகும். நிபந்தனை போட்டதால் குத்தகைத் தொகை சற்றுக் குறையலாம், அதை மறைக்காமல் சபையில் சொல்லிவிடுங்கள். எல்லாக் கடைக்கும் வேண்டாம், பேருந்து நிலையத்துக் கடை ஒன்றோடு தொடங்குங்கள். சனம் இப்படிச் சாப்பிடாது என்று யாரும் சொன்னால், மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும் சுடச்சுட, கண் முன்னால் செய்து, கட்டுப்படியான விலைக்குக் கொடுத்தால் சனம் தேடிவந்து சாப்பிடும்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு சின்ன வேலை. அடுத்த சபை அமர்வில் ரோல்ஸும் சீனி போட்ட தேத்தண்ணியும் கொடுக்கும் நேரத்தில் அவித்த கடலையும் வாழைப்பழமும் சீனி தனியாகவும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். காசு மிச்சம். உறுப்பினர்களில் எத்தனை பேர் குளிசை போடுகிறவர்கள் என்பதும் அன்றைக்குத் தெரியவரும்.

வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நடை தொடங்கிவிட்டோம் என்று உங்கள் கணவர் குளிசையைத் தானாக நிறுத்த வேண்டாம், அளவைக் குறைப்பதைக் கிளினிக்கில் முடிவெடுப்பார்கள். மாமியார் இன்சுலின் போடுகிறவரானால் வெறுவயிற்றில் நீள நடக்க விடாதீர்கள். சாப்பிட்ட பிறகு முற்றத்தில் கால் மணித்தியாலம் நடந்தாலும் நல்லது. காலில் செருப்பு, நடந்து வந்ததும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது.

கடைசியாக, நாள். சந்தைக் குத்தகைகள் பொதுவாகத் தையில் புதிதாகத் தொடங்கும், அதற்குக் கார்த்திகை, மார்கழியிலேயே கேள்வி கோரிவிடுவார்கள். பாதீடும் அதே நேரத்தில்தான். எனவே நிபந்தனைகள் ஐப்பசிக்குள் செயலாளரின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். கார்த்திகையில் மரம் நடும்போது அந்த 1 கிலோமீற்றர் பாதைக்கு வேம்பு கேட்டு வையுங்கள், ஆடு கடிக்காமல் கன்றுக்குக் கூடும், பங்குனியிலிருந்து ஆவணிவரை சபையின் பவுசர்த் தண்ணீரும் அதோடு சேர்த்து எழுதப்படட்டும். தண்ணீர் எழுதாமல் மரம் நட வேண்டாம்.

அப்புறம், விளக்குப் பூட்ட முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரையிலிருந்து ஆறரைவரை அந்தப் பாதையில் நின்று, நடக்கிற ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, பொல்லுப் பிடித்து வருகிறவர்கள் எத்தனை என்று கொப்பியில் எழுதுங்கள். பூட்டி மூன்று மாதம் கழித்து அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். அடுத்த பாதீட்டில் பேசுவதற்கு உங்களுக்கு அந்த இரண்டு பக்கம் தேவைப்படும். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.